வேலூர்க் கோட்டைக்குள் ஒரு கண்டி வீடு

[காட்சி: அகழி, கோட்டை வாசல், உள்ளே போகும் பைக்குகள்]

வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுவார்கள், மதில்மேல் ஏறி அகழி தெரிய ஒரு செல்பி எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். உள்ளே கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இருப்பது உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. இலங்கையில் இருக்கும் அதே கண்டிதான். அந்த நாட்டின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சாகும்வரை குடும்பத்தோடு சிறையிருந்த இடம்.

சரி, கண்டி ராஜாவுக்கு வேலூரில் என்ன வேலை?

[காட்சி: வரைபடம், மதுரையிலிருந்து கண்டிக்கு ஒரு கோடு]

கண்டி அரச குடும்பம் மதுரை நாயக்கர் வீடுகளில் பெண் எடுத்துவந்தது. 1739-ல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு வாரிசு இல்லாமல் இறந்தபோது, ராணியின் சகோதரரே அரியணை ஏறினார். அதிலிருந்து நான்கு ராஜாக்கள் நாயக்கர்கள்தான். பெண்ணோடு போன சொந்தபந்தமும் அங்கேயே தங்கிவிட்டது. கண்டியில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் மலபார் தெரு. தமிழரோ தெலுங்கரோ, அவர்களுக்கு எல்லாரும் அப்போது மலபார்தான்!

நான்காவது ராஜா கண்ணுசாமி என்கிற இளைஞர். 1798-ல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாகப் பட்டம் ஏறினார். 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். பிரதானிகளில் பலர் அதற்குள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

மார்ச் 2-ம் தேதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ராஜாவை நீக்கியதோடு அது நிற்கவில்லை. அவருடைய ஆண் உறவினர்கள் எல்லாருமே அரசுக்கு எதிரிகள், எழுத்தில் அனுமதி இல்லாமல் கண்டிப் பகுதிக்குள் கால் வைத்தால் ராணுவச் சட்டப்படி தண்டனை என்கிறது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பக் கூடாது. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஒரே காகிதத்தில் அந்நியர்களாகிவிட்டார்கள்.

[காட்சி: கப்பல் ஓவியம், பிறகு கோட்டை மதில்]

1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் ராஜாவையும் ராணிகளையும் உறவினர்களையும் சென்னைக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து வேலூர். இந்தக் கோட்டைக்கு அரச குடும்பத்தைக் காவல் காப்பது புதிதல்ல. 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் பெண்களையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருடம்கூட நிறையவில்லை, அடுத்த அரச குடும்பம் வந்து இறங்கியது.

'முன்னோர் மண்ணுக்கே திரும்பினார்கள்' என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதுரை எங்கே, வேலூர் எங்கே? இவர்கள் ஆண்ட ஊர், வளர்ந்த ஊர் எல்லாம் கண்டி. இங்கே சுற்றிலும் அகழி. பக்கத்திலேயே அருமையான சிவன் கோயில், ஆனால் அன்றைக்கு அதில் பூஜை இல்லை, வெள்ளைக்காரப் பட்டாளம் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தது. கருவறையில் மறுபடி லிங்கம் வந்தது 1981-ல்தான்.

ராஜாவுக்கு ஒரு மகன் இந்தக் கோட்டையில்தான் பிறந்தான். 1832 ஜனவரி 30-ல் ராஜா காலமானார். வாரிசுகளுக்கு இலங்கையிலிருந்து பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருந்தது, இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகும் சில காலம். ராஜாவின் சிம்மாசனமோ இங்கிலாந்துக்குப் போய், 1934-ல்தான் இலங்கைக்குத் திரும்பியது.

இலங்கைக்கும் கோட்டைக்கும் உள்ள தொடர்பு அதோடு முடியவில்லை. 1990-களில் திப்பு மகாலில் விடுதலைப் புலிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அது தனி வீடியோவுக்கு உரிய கதை.

[காட்சி: பாலாற்றங்கரை, முத்து மண்டபம்]

ராஜாவின் சமாதி கோட்டையில் இல்லை. வடக்கே பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும். 1990-ல் தமிழக அரசு அங்கே கட்டிய மண்டபத்துக்குப் பெயர் முத்து மண்டபம். ராணியின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. கண்டி ராஜா சமாதி என்றால் ஆட்டோக்காரர் யோசிக்கலாம், முத்து மண்டபம் என்றே சொல்லுங்கள். ஜனவரி 30 வாக்கில் போனால் குருபூஜைக்கு வரும் வாரிசுகளையும் பார்க்கலாம்.