கோயில் பெயர்: சாதனைக்கா, வாரிசுக்கா?

நடுவர் அவர்களே, வணக்கம். சீனத்தில் அரசமரபை நிறுவியவர்களுக்கு, இறந்தபின் முன்னோர் கோயிலில் வழிபடச் சூட்டிய பெயர் அவர்கள் சாதனையால் வந்ததா, வாரிசின் தேவையால் வந்ததா? வாரிசின் தேவைதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் பழைய விதி ஒன்றை எடுத்துவிட்டார். சாதித்தவரின் கோயில் பெயர் ‘சூ’ என்று முடியும், அறத்தோடு ஆண்டவரின் பெயர் ‘சோங்’ என்று முடியும். ஆகவே நிறுவியவர் தைசூ, அடுத்தவர் தைசோங். 960இல் தொடங்கிய சுங் மரபில் அப்படித்தான் நடந்தது, மறுக்கவில்லை. தாங் மரபுக்கு வாருங்கள். 618இல் அதை நிறுவியவர் லி யுவான். தைசூ அவரா? இல்லை, அவருடைய தாத்தா லி ஹூ! 551லேயே காலமானவர். தாங் என்ற பேரரசு வரப்போவதே அவருக்குத் தெரியாது. நிறுவியவருக்குக் கிடைத்தது காவ்சூ.

இதில் வாரிசுக்கு என்ன ஆதாயம்? எல்லாம் இடப் பிரச்சினைதான். பழைய முறைப்படி பேரரசரின் முன்னோர் கோயிலில் ஏழு சன்னிதிகள். புதிதாக ஒருவர் உள்ளே வரவேண்டுமானால், தலைமுறையில் மிக மூத்தவரின் பெயர்ப்பலகையை எடுத்துத் தனி இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். தைசூவின் பலகையை மட்டும் தொடமாட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் படைக்கும்போது அது கிழக்கு பார்த்து இருக்கும்; மற்றவை தலைமுறைக்கு ஒரு பக்கமாக இருபுறமும் நிற்கும். ‘சூ’ என்பது, எளிதில் காலிசெய்ய முடியாத இடத்துக்குப் பட்டா!

அந்தப் பட்டா எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். மிங் பேரரசர் யோங்லே 1424இல் இறந்தார்; தைசோங் ஆனார். நூறாண்டுக்கு மேல் அதே பெயர். 1521இல் அரியணை ஏறிய ஜியாஜிங், முந்தைய பேரரசரின் மகன் அல்ல, சித்தப்பா மகன். அவருடைய தந்தை ஒருநாளும் ஆண்டதில்லை. அந்தத் தந்தையைக் கோயிலுக்குள் கொண்டுவர மகனுக்கு ஆசை. அமைச்சர்கள் பல்லாண்டு முட்டுக்கட்டை போட்டார்கள். 1538இல் ஒரே மூச்சில் இரண்டு வேலை முடிந்தது: தந்தைக்கு ருய்சோங் என்ற பெயரோடு கோயிலில் இடம், யோங்லேக்குச் செங்சூ என்று பதவி உயர்வு. யோங்லேயும் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்த கிளைக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள். அவரை உயர்த்தினால் கிளையில் வந்த ஜியாஜிங்குக்கும் கௌரவம். செத்து 114 ஆண்டுக்குப் பிறகு யோங்லே புதிதாக எந்தப் போரில் வென்றார் என்பதை எதிரணிதான் சொல்லவேண்டும்.

இன்னும் ஒருவர் பாக்கி. வெய் மரபின் பேரரசர் சாவ் ருய். தாத்தா சாவ் சாவ் உயிரோடு இருந்தவரை பேரரசர் பட்டமே ஏற்காதவர், அவருக்குத் தைசூ. மரபை முறைப்படி நிறுவிய தந்தை சாவ் பி இரண்டாவது ‘சூ’தான். 237இல் அமைச்சர்கள் மூன்றாவதாக ஒரு ‘சூ’வையும் சேர்த்தார்கள்: லியேசூ. யாருக்கு? சாவ் ருய்க்கே! மனிதர் அப்போது உயிரோடு இருக்கிறார், நடுவர் அவர்களே. இந்த மூவரின் கோயில்களும் பத்தாயிரம் தலைமுறைக்கு அகற்றப்படாது என்றும் முடிவெடுத்தார்கள். முப்பது ஆண்டு முடிவதற்குள் வெய் மரபே போய்விட்டது.