சொல்லின் தலைமேல் ஒரு கூட்டல் குறி

வணக்கம். இன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறேன். சின்ன வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கிறது, உரித்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் இந்த நோட்டைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். அம்மாச்சியைப் பற்றிய கவிதை. 'வெற்றிலைப் பெட்டியைச் சாத்தினாள்' என்று ஒரு வரி தெரிகிறதா? 'சாத்தினாள்' என்பதன் தலைமேல் பென்சிலில் சின்னதாக ஒரு கூட்டல் குறி. பக்கத்தின் அடியில் அதே குறி போட்டு 'மூடினாள்', 'அடைத்தாள்' என்று இரண்டு சொற்கள். நான்கு வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் குறியை நான் எடுத்துக்கொண்டது எமிலி டிக்கின்சனிடமிருந்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊர்க்காரர். 1830இல் பிறந்து 1886இல் இறந்தார். எழுதியவை கிட்டத்தட்ட 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை, அவையும் அவர் பெயர் இல்லாமல்.

வெள்ளை உடை, வீட்டை விட்டு வெளியே வராத பெண் என்று அவரைப் பற்றி ஒரு சித்திரம் உண்டு. என் மனதில் நிற்பது அவருடைய சமையலறைதான். நன்றாக ரொட்டி சுடுவார். 1856இல் ஊர்க் கண்காட்சியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில், திரும்பி வராதவற்றைப் பற்றி ஒரு கவிதை எழுதி வைத்திருக்கிறார். கிழித்துப் பிரித்த கடித உறைகளிலும் எழுதினார். சாமான் அறையில் பாலாடை எடுத்துக்கொண்டே எமிலி எழுதி வாசித்துக் காட்டியதையும், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தான் அதைக் கேட்டதையும் அவருடைய சித்தி மகள் லூயிசா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதை வாசித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் உள்ளே வரி ஓடும். அம்மாச்சி வரி வந்ததுகூட இதே மாதிரி வெங்காயம் உரிக்கும்போதுதான்.

சரி, குறிக்கு வருகிறேன். 1858 முதல் 1864 வரை தன் கவிதைகளை நல்ல கையெழுத்தில் படி எடுத்து, தாள்களை அடுக்கி, ஓரத்தில் ஊசியால் துளை போட்டு நூலால் கட்டினார். அப்படி 40 கட்டுகள், 800க்கும் மேற்பட்ட கவிதைகள். திருத்தமெல்லாம் முடிந்து எடுத்த பிரதி என்றுதானே நினைப்போம்? அந்தப் பிரதியிலேயே பல இடங்களில் சொல்லுக்கு மேல் கூட்டல் குறி இருக்கிறது. கீழே மாற்றுச் சொற்கள், சில கவிதைகளில் வரிசையாக. பெரும்பாலும் எதையும் அடிக்கவில்லை.

தீர்மானிக்கத் தெரியாமல் விட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் அந்த வரிக்குள் ஒரு வேறு வாசலைத் திறக்கிறது. எல்லா வாசலும் அவருக்கு வேண்டியிருந்தது. 1862 ஏப்ரலில் ஹிகின்சன் என்ற எழுத்தாளருக்கு முதல் கடிதம் எழுதும்போது, தன் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்றுதான் கேட்டார். உயிருள்ளது அசையத்தானே செய்யும்?

அவர் இறந்த பிறகு தங்கை லவீனியா அந்தக் கட்டுகளைக் கண்டெடுத்தார். 1890இல் முதல் தொகுப்பு வந்தது. பதிப்பித்த இருவரில் ஒருவர் அதே ஹிகின்சன். தலைப்பு வைத்தார்கள், நிறுத்தக்குறிகளை மாற்றினார்கள், எதுகைக்காகச் சில சொற்களையும் மாற்றினார்கள். மாற்றுச் சொற்களோடு முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று.

எனக்கும் இது நடந்தது. அம்மாச்சி கவிதையை ஒரு இதழுக்கு அனுப்பினேன். அச்சில் 'மூடினாள்' என்று வந்தது. கேட்டதற்கு, கதவைத்தான் சாத்துவார்கள், பெட்டியை மூடுவார்கள் என்றார்கள். இலக்கணமாக அது சரி. ஆனால் அம்மாச்சி ஊர்க் கோயிலில் ராத்திரி நடை சாத்துவார்கள். அவள் கடைசியாக வெற்றிலை போட்டுவிட்டுப் பித்தளைப் பெட்டியின் மூடியை அழுத்தியபோது எனக்குக் கேட்டது அந்தச் சத்தம். அச்சில் வேறு சொல்லைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காக 'மூடினாள்' தவறு என்றும் சொல்ல மாட்டேன். சில நாள் வாசிக்கும்போது அந்தச் சொல்தான் பொருந்துகிறது. ஒரு கண் மூடுவதும் அதில் இருக்கிறது. 'அடைத்தாள்' என்றால் தொண்டை அடைக்கிறது. எதை அடிக்கச் சொல்கிறீர்கள்?

இப்போது தொகுப்புக்காகப் படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் கூட்டல் குறியோடு, அடியில் இருக்கும் இரண்டு சொற்களோடு அப்படியே அச்சிடச் சொல்லப் போகிறேன்.