குட்டுப்பட்டாலும் சுசுரானில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலக மாடியை நமக்குத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மைக் கட்டிக்கொடுத்த பந்தல்காரத் தம்பி அவர்களே, இனிப்பு வரும் என்று சொல்லியிருக்கும் பொருளாளர் அவர்களே! இதில் ஒருவரை விட்டாலும் அடுத்த மாதம் இடமும் இருக்காது, மைக்கும் இருக்காது. எல்லோருக்கும் வணக்கம்.

'குரோஸ் ஜீரோ' படம் ஏன் பிடிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்று காரணம் வைத்திருக்கிறேன்: சண்டை, சிரிப்பு, இசை. சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

டகாஷி மீக்கே 2007-இல் எடுத்த ஜப்பானியப் படம். ஹிரோஷி தகஹாஷி 1990-களில் வரைந்த 'குரோஸ்' என்ற மங்காவுக்கு, அதாவது ஜப்பானியப் படக்கதைக்கு, முந்தைய கதை. குரோஸ் என்றால் காக்கைகள். இடம், சுசுரான் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. சுசுரான் என்பது வெள்ளை மணி போலத் தொங்கும் ஒரு பூவின் பெயர். பெயர்தான் பூ. சுவர் முழுக்கக் கிறுக்கல், வாத்தியார் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அங்கே கடைசி ஆண்டில் வந்து சேர்கிறான் கென்ஜி. அப்பா யாகுசா என்ற ஜப்பானிய ரவுடிக் கும்பலின் தலைவர். அவரே இந்தப் பள்ளியை அடக்கப் பார்த்து முடியாமல் போனவர். மகன் அடக்கிக் காட்டினால் அவருடைய நாற்காலி அவனுக்கு. அவனுக்கு எதிரே நிற்பவன் அதே பள்ளியில் இன்னொரு கோஷ்டியின் தலைவன் செரிஸாவா.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். சுசுரானின் சட்டப் புத்தகமே அந்த ஒரு வரிதான். தோற்றவன் புகார் கொடுக்க ஓடுவதில்லை, அடித்தவனுக்குப் பின்னால் வந்து நிற்கிறான். 'யாரிடம் வாங்கினேன் தெரியுமா?' என்பது அங்கே பெருமை. துப்பாக்கி பெரியவர்கள் உலகத்துச் சாமான். பையன்களுக்குக் கையும் காலும் தலையும் போதும். கடைசி மோதல் கொட்டும் மழையில். அதே நேரத்தில் செரிஸாவாவின் உயிர் நண்பன் டோகியோவுக்கு மூளையில் அறுவை சிகிச்சை. மீக்கே இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். இங்கே விழுகிறவன் எழுந்துவிடுகிறான், அங்கே படுத்திருப்பவன் எழுவானா என்று தெரியாது. அவ்வளவு நீளச் சண்டை அலுக்காததற்கு அதுதான் காரணம் என்பேன்.

இந்தப் படத்தை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டோம். என் அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காய்ந்த வடாம் எடுக்க மேலே வந்தவர், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'பையன் பேரு என்னடா?' 'கென்ஜி, அத்தை.' 'பேருதான் கெஞ்சி, ஒருத்தனையும் கெஞ்ச மாட்டேங்கிறானே!' மாடியே சிரித்தது. அதோடு விடவில்லை. சட்டைப் பித்தானைப் போடாதவன் எல்லாம் எந்தக் கட்சி என்று கேட்டார். மழைச் சண்டை வந்ததும், 'தலையைத் துவட்டச் சொல்லுங்கடா, சளி பிடிச்சுக்கும்' என்றார். டோகியோவைப் படுக்கையில் பார்த்ததும் வடாம் நொறுங்குவது தெரியாமல் முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படத்துக்குக் கீழே வசனம் இங்கிலீஷில் ஓடியது, அந்த எழுத்து அவருக்குத் தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். பாதியில் என் கையைப் பிடித்தார். 'அவன் டேய்ங்கிற மாதிரி கத்துறான், நீ நீங்கங்கிற மாதிரி சொல்றியே?'

மாட்டிக்கொண்டேன். நான் சொன்னது கீழே ஓடிய எழுத்தை. அத்தை கேட்டது அவர்கள் குரலை. ஜப்பானிய மொழியில் 'அனதா' என்பது மரியாதையான விளிப்பு, 'ஒமாஏ' உரிமையோடோ அலட்சியமாகவோ சொல்வது, 'தெமே' சட்டையைப் பிடிக்கிற வார்த்தை. 'கிசாமா' என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மரியாதைச் சொல், இன்று வசவு. இங்கிலீஷில் இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே 'யூ'. நம்மிடம் நீங்கள், நீர், நீ, டேய், ஏலே எல்லாம் சும்மா கிடக்கின்றன! ரவுடிப் பையன்கள் படத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதில்தான் பாதிச் சண்டையே நடக்கிறது.

அதனால்தான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன், நம் சங்கம் போடும் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசன வரி வேண்டும். போன கூட்டத்திலும் சொன்னேன், 'இங்கிலீஷ் போதும்' என்றார்கள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் என்று நாமும் அந்த இங்கிலீஷ் வரியிடமே வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கையில் இந்தப் படத்துக்கான மோதிரம் இல்லை, ஐயா! வரிகளை நேரத்தோடு பொருத்தும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆளுக்குப் பத்து நிமிடப் படத்தை எடுத்துக்கொண்டால் பதின்மூன்று பேர் போதும். ஜப்பானிய மொழி படித்த இரண்டு பிள்ளைகள் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சிரிப்பு பற்றி ஒன்றே ஒன்று. மகிசே என்ற பெரிய முரடனை கென்ஜி தன் பக்கம் இழுப்பது அடித்து இல்லை, பெண்களோடு ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்து! அவனுக்குப் பெண்கள் முன்னால் நாக்கே எழாது. அந்தக் காட்சியை மொழிபெயர்க்க எனக்கு வேண்டும், வேறு யாரும் கேட்கக் கூடாது. இசையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வாசல் மேசையில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. பெயரும் எந்தப் பத்து நிமிடம் வேண்டும் என்பதும் எழுதுங்கள். மழைச் சண்டைக்கு இப்போதே இரண்டு பேர் போட்டி. பேனா என்னுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.