கேம் கவரைச் சின்னதாக்கிப் பாருங்கள் | ராயபுரம் மொட்டை மாடி வ்லாக்

வணக்கம் மக்களே. ராயபுரம் மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். நடுவில் கண்டெய்னர் லாரி ஹாரன் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, ராத்திரி பகல் கிடையாது.

நம்ம கேம் 'ஏலம்', கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஏறப்போகிறது என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: காசிமேடு, விடியற்காலை, படகிலிருந்து மீன் இறங்குகிறது, நீங்கள் ஏலம் எடுக்கும் வியாபாரி. விலை ஏறிக்கொண்டே போகும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்பதுதான் ஆட்டம். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் வரத்து சுருங்கி விலை எகிறும். அந்தப் பகுதியை டெஸ்ட் பண்ணியவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், சந்தோஷம்.

இன்றைக்கு அதோட கவர். ஸ்டீமில் இதை கேப்ஸ்யூல் என்பார்கள்.

ஓவியம் போடும் தம்பி இரண்டு ஸ்கெட்ச் அனுப்பியிருந்தான். இதோ ஸ்கிரீனில் போடுகிறேன். முதலாவதில் கடல், விடியல் வெளிச்சம், ஒரு விசைப்படகு கரைக்கு வருகிறது. பிரமாதமான படம், பிரேம் போட்டு வீட்டில் மாட்டலாம். இரண்டாவதில் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி, அதற்கு மேலே ஒரு கை சங்கராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, எதிரிலிருந்து இன்னொரு கை ரூபாய் நோட்டை நீட்டுகிறது. முழு ஸ்கிரீனில் காட்டினால் எல்லோரும் முதல் படத்தைத்தான் கை காட்டுகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்றால், கடையில் யாரும் அதை முழு ஸ்கிரீனில் பார்க்கப்போவதில்லை. ஸ்டீம் கேட்கும் அளவுகளைப் பாருங்கள், எல்லாம் பிக்சல் கணக்கு, அகலம்×உயரம். ஹெடர் 920×430, மெயின் 1232×706, நெட்டுக்குத்தான வெர்ட்டிகல் 748×896. இதெல்லாம் பரவாயில்லை. ஸ்மால் கேப்ஸ்யூல் என்று ஒன்று இருக்கிறது, 462×174. அதையே ஸ்டீம் தானாகச் சுருக்கி 184×69, 120×45 என்று இன்னும் இரண்டு அளவு செய்துகொள்கிறது. லிஸ்டுகளில், சர்ச்சில் நம்ம கேம் போய் உட்கார்வது இந்தக் குட்டி அளவுகளில்தான். முதல் படத்தை 120×45-க்குச் சுருக்குகிறேன், பாருங்கள். படகு எங்கே? ஒரு நீலப் பட்டை, நடுவில் ஏதோ தூசி. இரண்டாவதைச் சுருக்குகிறேன். சிவப்பு மீன் தெரிகிறது, மஞ்சள் தெரிகிறது, இரண்டு கைகள் இருக்கின்றன என்றும் தெரிகிறது.

நீலத்தைப் பற்றி இன்னொன்று. ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம். கடல் கேம் செய்கிறவர்கள் எல்லோரும் நீலத்தில்தான் தொடங்குவார்கள், படம் பக்கத்தோடு கரைந்துபோகும். அதனால் உங்கள் கவரைத் தனியாக வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் வகை கேம்கள் இருக்கிற கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதில் ஒரு கேமின் இடத்தில் உங்களுடையதை ஒட்டுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கண் தானாக அங்கே போகவில்லை என்றால் திரும்ப வேலை இருக்கிறது.

சின்னதில் தெரியவில்லை என்பதைவிடப் பெரிய சிக்கல், முதல் படம் வேறு கேமை விற்கிறது. படகையும் விடியலையும் பார்த்தால் நாம் படகு ஓட்டப்போகிறோம் என்றுதானே தோன்றும்? அதை நம்பி உள்ளே வருகிறவருக்கு நான் விலைப் பட்டியலைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுவார், சில பேர் ரீஃபண்டும் கேட்பார்கள். வியாபார கேம் தேடுகிறவரோ, இது நமக்கில்லை என்று கடந்து போய்விடுவார். ரெண்டு பேரும் போச்சு. நோட்டும் மீனும் கை மாறுகிற படத்தில் அந்தக் குழப்பமே கிடையாது.

அப்புறம், எல்லாவற்றையும் உள்ளே திணிக்கிற ஆசை. கதாநாயகன், வில்லன், நாய், படகு, கலங்கரை விளக்கம். நம்ம ஏரியா பிறந்தநாள் ஃபிளெக்ஸ் பார்த்திருப்பீர்கள், கீழே வரிசையாக முப்பது பேர் பாஸ்போர்ட் சைஸ் முகம். அவரவர் அம்மாவைத் தவிர யாரும் அந்த முகங்களைப் பார்ப்பதில்லை. கவரில் ஒரு விஷயம் போதும். ஹாலோ நைட் கேமை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை முகமூடி, கொம்பு, இரண்டு கறுப்புக் கண்குழி. எவ்வளவு சின்னதாக்கினாலும் அடையாளம் போகாது.

இப்போது எழுத்து. தமிழில் பெயர் வைத்தால் இது தனித் தலைவலி. 'ஏலம்' மூன்றே எழுத்து, இடத்தைப் பொறுத்தவரை அதிர்ஷ்டம். ஆனால் ஏ-வுக்கும் எ-வுக்கும் வித்தியாசம் கீழே ஒரு சின்னக் கோடு. மெல்லிய ஃபாண்டில் போட்டுச் சுருக்கினால் அந்தக் கோடு போய்விடும், ம் மேலே இருக்கிற புள்ளியும் போய்விடும். மிச்சம் இருப்பது 'எலம'. யாருக்குப் புரியும்? அதனால் ரெடிமேட் ஃபாண்டை விட்டுவிட்டுக் கையால் வரைந்தோம். காசிமேட்டில் படகு முகப்பில் பெயர் எழுதியிருப்பார்களே, தடிமனாக, சுற்றிலும் வேறு நிறத்தில் விளிம்பு கட்டி, தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி? அதுதான் மாதிரி. ஏ-வின் கோட்டைக் கொஞ்சம் இழுத்தோம், புள்ளியை வேண்டுமென்றே பெரிதாக்கினோம். இலக்கணப்படி புள்ளி அவ்வளவு பெரிதாக இருக்கலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். ஸ்மால் கேப்ஸ்யூலில் பெயர் கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும், அங்கே மீனின் தலை மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் போதும்.

கலர் போட்டு முடித்ததும் போனில் எடுத்துக்கொண்டு போய், எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்காவிடம் காட்டினேன். ஒரு விநாடி காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்தேன், என்ன தெரிந்தது என்று கேட்பதற்காக. அவர் போனைப் பிடுங்கித் திருப்பினார்.

"இன்னாப்பா, கெட்டுப்போன மீனைப் போட்டு வச்சிக்கிற? கண்ணு பாரு, உள்ள பூந்துக்கினு கீது."

தம்பி ஒரு மூடுக்காகக் கண்ணை மங்கலாகச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தான். நல்ல மீனுக்குக் கண் தெளிவாக, லேசாகப் பிதுங்கி நிற்கும் என்பது மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் கேமிலேயே ஏலம் கேட்கும் முன்னால் கண்ணையும் செவுளையும் பார்க்கிற பட்டன் இருக்கிறது! மாற்றினோம். கறுப்புக் கண்பாப்பா, அதில் ஒரு வெள்ளைப் பொட்டு. இப்போது 120×45-இல் முதலில் கண்ணில் படுவதே அந்த மீன் கண்தான். அக்கா ஓகே சொல்லிவிட்டார், கூடவே கால் கிலோ நெத்திலியும் தலையில் கட்டிவிட்டார்.

ஸ்டீம் விதி ஒன்று. 2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் கேமின் படம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு தவிர வேறு எதுவும் போடக்கூடாது. "10/10", விருது இலை, "50% தள்ளுபடி" எதுவும் கூடாது. என்னைக் கேட்டால் நல்ல விதி, இல்லையென்றால் கடையே ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் ஆகியிருக்கும். இட்ச் டாட் ஐஓ என்கிற இன்னொரு ஆன்லைன் கேம் கடையில் இவ்வளவு அளவு தொல்லை இல்லை, 630×500-இல் ஒரு கவர் போதும்.

ஓவியரிடம் வேலை கொடுக்கிறவர்கள் முன்பணம் தரும்போதே ஒன்றைப் பேசிவிடுங்கள்: லேயர் பிரித்த ஃபைல் வேண்டும். மீன் தனி, கைகள் தனி, பின்னணி தனி, பெயர் தனி. ஒரே படத்தை வெட்டி எல்லா அளவுக்கும் ஒப்பேற்ற முடியாது, வெர்ட்டிகலில் கை மேலே போகும், ஹெடரில் பக்கவாட்டில் வரும். கேமை வாங்கியவரின் லைப்ரரிப் பக்கத்தில் மேலே வருவதற்கு, லைப்ரரி ஹீரோ என்று 3840×1240-இல் ஒரு நீளப் படம் கேட்பார்கள், அதில் எழுத்தே இருக்கக்கூடாது. பெயரைப் பின்னணி இல்லாத பிஎன்ஜியாகத் தனியே ஏற்ற வேண்டும். லேயர் இல்லாமல் மாட்டினால் ஓவியரைத் திரும்பத் திரும்பக் கெஞ்ச வேண்டிவரும்.

உங்கள் கவரையும் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 120×45-க்குச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். பெரிய சைஸில் வந்தால் திறக்கவே மாட்டேன்.