எடை மேடையில் காத்து நிற்கும் கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவை கெட்டுப்போய் வருவதில்லை. மெதுவாகிவிட்டது என்று வருகின்றன. கொண்டுவருபவர்கள் மருந்தையும் தாங்களே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். "தம்பி, ஒரு ஃபார்மட் போட்டுக் கொடுத்துவிடு, சரியாகிவிடும்." ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. வயிற்று வலி என்று போய், பரிசோதனையெல்லாம் வேண்டாம், நேராக ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்வதைப் போலத்தான் இது. எது மெதுவாக இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால், அநேகமாகப் பதில் வராது.

முதலில் இணையத்தையும் கணினியையும் பிரித்துப் பாருங்கள். நம் மலையில் இது முக்கியம். ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும், ஜன்னல் ஓரத்தில் கைப்பேசியை வைத்தால்தான் இரண்டு கோடு தெரியும் என்கிற வீடுகள் எத்தனையோ. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு கடிதத்தையோ புகைப்படத்தையோ திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கணினி மேல் குற்றமில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வராதீர்கள்.

அதுவும் மெதுவாகத்தான் திறக்கிறது என்றால், நமக்குத் தெரிந்த ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாகப் பெரிய அரவை இயந்திரம் இறக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் எடை மேடை ஒன்றுதான்; எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளையும் ஒருவர்தான். பசுந்தேயிலை ஏற்றிய வண்டிகள் வளைவு வரை வரிசையில் நிற்கின்றன. உள்ளே இயந்திரம் இலைக்காகக் காத்துச் சும்மா ஓடுகிறது. இப்போது இன்னும் வேகமான இயந்திரம் வாங்கினால் வரிசை குறையுமா? பழைய கணினிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கணக்குப் போடும் மூளையான பிராசசர் சும்மா இருக்கிறது. தகவல் வாசலில் நிற்கிறது.

வரிசை எங்கே நிற்கிறது என்று பார்க்க விண்டோஸிலேயே ஜன்னல் இருக்கிறது. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வானொலியில் படம் காட்ட முடியாது என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகளும் சதவீதங்களும் தெரியும். சிபியு என்பது பிராசசர்தான்; டிஸ்க் என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். கணினி திணறுகிற நேரத்தில் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. சிபியு பத்து சதவீதத்தில் தூங்க, டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால் நோய் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தாலும் டிஸ்க் இப்படித்தான் காட்டும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

டிஸ்க் ஏன் இத்தனை மெதுவானது? ஹார்ட் டிஸ்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு ஒன்று சுழல்கிறது. மடிக்கணினிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்று. கேட்கும் ஒவ்வொரு தகவலுக்கும், படிக்கும் முனை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து வினாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. குறைவாகத்தானே தெரிகிறது? ஆனால் கணினி துவங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேவைப்படுகின்றன. வினாடிக்கு நூறு இடத்தைக்கூடத் தொட முடியாத முனை அத்தனையையும் ஓடி ஓடி எடுத்து வருகிறது. நீங்கள் காபி போட்டுக்கொண்டு வந்தும் அந்த வட்டம் சுழன்றுகொண்டே இருப்பது அதனால்தான்.

இதில் மலைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கதி உண்டு. அந்த முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது எழும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஆகவே காற்று மெலிந்த உயரங்களில் இவை வேலை செய்ய வரம்பு உண்டு. சாதாரண ஹார்ட் டிஸ்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி என்று போட்டிருப்பார்கள். உதகை சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637. நாம் வரம்புக்குள்தான் இருக்கிறோம். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்துக்காரர்களுக்குத்தான் கவலை.

இதற்குத் தீர்வு எஸ்எஸ்டி. அதில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை, எல்லாம் சில்லுகள். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக்கொடுக்கும். புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து, பழைய இயந்திரத்தில் இதை மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது. எனக்கு வியாபாரம் என்பதால் சொல்லவில்லை. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் நீங்களே மாற்றிவிடலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்தக் காலத்தில் வாங்கியது வீட்டில் பரண்மேல் கிடந்தால், தூக்கிப் போடாதீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். பிற்கால மெல்லிய மடிக்கணினிகளில் சூயிங்கம் பட்டை போன்ற வேறு வடிவம் தேவைப்படலாம். வாங்கும் முன் திறந்து பார்த்துவிட வேண்டும்.

டிஸ்கில் கை வைக்கும் முன் நகல் எடுங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நான் எடுக்கவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு சிறு தேயிலை விவசாயி தன் கணினியைக் கொண்டுவந்தார். மெதுவாக இருந்தது. உள்ளே டிக், டிக் என்று மெல்லிய சத்தம். வயதானால் முனகத்தான் செய்யும் என்று நினைத்துவிட்டேன். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையை, டிஃப்ராக் என்பார்கள், இரவு முழுவதும் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். சாகக் கிடந்த டிஸ்கை விடிய விடிய ஓட வைத்திருக்கிறேன். காலையில் டிஸ்கே தெரியவில்லை. ஆறு வருட இலைக் கணக்கு அதில்தான் இருந்தது. "பரவாயில்லை தம்பி, பாதி நோட்டில் இருக்கிறது" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அந்தச் சத்தம் கேட்டாலோ, ஒரே கோப்பைத் திறக்கும்போது மட்டும் கணினி உறைந்து நின்றாலோ, வேகத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறொன்றில் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகு டிஃப்ராக் தேவையே இல்லை; அதற்கான பராமரிப்பை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதென்றால் அது ராம் எனும் தற்காலிக நினைவகத்தின் பற்றாக்குறை. மேசையில் இடமில்லாமல் ஃபைல்களைத் தரையில் பரப்பி, குனிந்து குனிந்து எடுப்பதைப் போல, கணினி டிஸ்கின் ஒரு பகுதியை ராமாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது. இன்றைய பிரவுசருக்கு 4 ஜிபி போதவில்லை. 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர்களுக்கு எஸ்எஸ்டியை முதலில் போடச் சொல்வேன். பிரவுசரில் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியைக் குறை சொல்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

சிபியுவே நூறில் நிற்கிறது, விசிறி இரைகிறது என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். "நம் ஊர்க் குளிரில் சூடா?" என்று கேட்பார்கள். மார்கழியில் நாம் மடிக்கணினியை எங்கே வைத்து வேலை செய்கிறோம்? கம்பளிக்கு மேல். காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பக்கத்தில். கம்பளி அவற்றை அடைத்துவிடுகிறது. உதகையின் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு குறைவு. உள்ளே 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு முறை ஒரு மடிக்கணினியைத் திறந்தேன். விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளி நூலும் நாய் முடியும் கணப்புப் புகையின் கரியும் சேர்ந்து, வெட்டி எடுத்த தோசை போல ஒரு படலம் வந்தது. அதை எடுத்து, பிராசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். வேறெதுவும் செய்யவில்லை. பழைய வேகம் வந்துவிட்டது. ஒரு பலகைமேல் வைத்து வேலை செய்திருந்தால் அந்தச் செலவும் இல்லை.

செலவே இல்லாத ஒன்று. தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேன், ஆகவே கணினி தினமும் புதிதாகத் துவங்குகிறது என்று நினைக்கிறீர்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதி அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் மீட்கப்படுகிறது. நேற்றைய குளறுபடியும் அதனுடன் எழுந்து வருகிறது. முழுதாகப் புதிதாய்த் துவங்க ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நம்பாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டு, அப் டைம் என்பதைப் பாருங்கள்; தினமும் அணைத்த கணினி இருபது நாள் ஓடியதாகக் காட்டும். அதே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியோடு சேர்ந்து எழுந்து உட்காரும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை பயன்படுத்துவது தினமும் காலையில் முதல் ஆளாக எழ வேண்டியதில்லை. டிசேபிள் கொடுங்கள்; மென்பொருள் அழியாது.

இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது இரட்டைப் பாதுகாப்பு அல்ல. ஒரே கோப்பை இருவரும் சோதிப்பார்கள், நீங்கள் காத்திருப்பீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். "உங்கள் கணினியில் 1,400 பிழைகள்" என்று மிரட்டி, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் விளம்பர மென்பொருள்களை உள்ளே விடாதீர்கள். அவற்றை நீக்கிய பிறகு வேகமான கணினிகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். விலை கிடையாது, இலகுவானது, தமிழிலும் மெனுக்களை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது. கடிதம், பிள்ளைகளின் படிப்பு, படம் பார்ப்பது என்றிருப்பவர்கள் ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிறு உறை ஒன்றில் போட்டால் யுஎஸ்பி வழியாக இணைத்து நகல் வைக்க உதவும். ஆனால் மழைக்காலத்தில் துணி பீரோவுக்குள் வைக்க வேண்டாம்; சட்டைக்குப் பூஞ்சை பிடிக்கும் இடம் டிஸ்குக்கும் ஆகாது. மூடி இறுகிய பிஸ்கட் டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.