24 டாலர் கட்டைத்துண்டும் கட்டைக்குள் கிடக்கும் பாஸும்

வணக்கம் மக்களே. எடுத்த எடுப்பிலேயே விலையைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. கையில் இருக்கிறதே இந்தப் பால்சா கிராங்க்பெயிட், அதாவது பால்சா என்கிற லேசான மரத்தில் செய்த பொய் மீன், தூண்டிலில் கட்டி இழுக்கிற லூர், என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. போன வருஷம் 17 டாலர், இப்போது 24, வரி தனி. கடையில் கேட்டால் கையால் செய்தது என்கிறார். போன வருஷம் மட்டும் என்ன, காலால் செய்தார்களா? வாங்கினேனா என்றால், வாங்கினேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

பின்னால் தண்ணீருக்கு மேலே மொட்டை மரங்கள் நிற்பது தெரிகிறதா? லேக் ஃபோர்க் ஏரி, டெக்சஸில், டாலஸுக்குக் கிழக்கே. 1980இல் அணையை மூடித் தண்ணீர் பிடித்தபோது, மீனுக்காகவே நிறைய மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். வெளியே தெரிவதைவிட உள்ளே மூழ்கிக் கிடப்பதுதான் அதிகம். பிப்ரவரி கடைசி, முட்டையிடுவதற்கு முன்னால் நான் தேடுகிற லார்ஜ்மவுத் பாஸ் மீன் கரைப்பக்கம் ஏறிவந்து இந்தக் கட்டைகளை ஒட்டி நிற்கிற நேரம்.

போன வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார்: இரண்டு ட்ரெபிள் ஹூக், மொத்தம் ஆறு முள், அதைப் போய் யாராவது கட்டைக்குள் வீசுவார்களா? நியாயமான கேள்வி. பதில் முள்ளில் இல்லை, முன்னால் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தகட்டில், பில் என்பார்களே, அதில் இருக்கிறது. கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். நுனி வட்டமாக இல்லை, கத்தரித்த மாதிரி சதுரமாக, இரண்டு மூலையோடு இருக்கிறது. ரீலைச் சுற்றும்போது லூர் தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு போகும், வால் மேலே இருக்கும். அதனால் கட்டையில் முதலில் இடிப்பது பில்தான். மூலை பட்டதும் லூர் பக்கவாட்டில் சடாரென்று விலகும். ஹூக் இரண்டும் பில்லுக்கும் உடம்புக்கும் பின்னால் மறைந்தே வரும். வட்டப் பில் உள்ளவை இடித்ததும் உருண்டு படுத்துவிடும், அப்போதுதான் முள் கிளையைப் பிடிக்கும். பதினைந்து, இருபது அடி இறங்குகிற நீளப் பில் லூரை எல்லாம் தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டு வராதீர்கள். திறந்த ஆழத்தில் அது ராஜா, கிளைக்குள் கோமாளி.

பாஸ் அடிப்பதும் அந்த விலகலில்தான். இடிக்காமல் வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கட்டையின் தலை தண்ணீருக்குக் கீழே மூன்றடியில் இருந்தால், நான்கடி இறங்குகிற லூரைக் கட்டுங்கள். மேலேயே நீந்திப் போகிற லூரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அமெரிக்கத் தூண்டில் வீரர் கெவின் வான்டாம் 2011இல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் போட்டியை ஜெயித்தது இப்படித்தான். லூசியானாவில் சைப்ரஸ் மரக்கட்டைகள் மேல் இந்த மாதிரி சதுர பில் லூரை மோத மோத இழுத்தார். அவர் பெயரிலேயே வருகிற கேவிடி 1.5 லூர் பிளாஸ்டிக், விலையும் இதைவிடக் குறைவுதான். அப்புறம் ஏன் 24 டாலருக்குப் போனாய் என்பீர்கள். மிதப்பு! பால்சா தக்கை மாதிரி. கிளையில் தட்டியதும் சுற்றுவதை நிறுத்தினால், லூர் தானாகப் பின்வாங்கி மேலே எழும்பும், முள் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கும் எழும்பும், ஆனால் சோம்பேறித்தனமாக. டென்னசியின் ஓக் ரிட்ஜில் ஃப்ரெட் யங் என்பவர் 1960களின் கடைசியில் பால்சாவைச் செதுக்கி பிக் ஓ என்ற லூரைச் செய்தார், அதற்கு அவ்வளவு கிராக்கி, போட்டிக்குப் போகிறவர்கள் நாள் வாடகைக்கு வாங்கிப் போனார்கள் என்று சொல்வார்கள். வாடகைக்கு! அந்த வசதி இன்றைக்கு இருந்தால் முதல் ஆள் நான்தான்.

நிறத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கலங்கல் தண்ணீரா, கறுப்பு முதுகும் பளீர் மஞ்சள்பச்சையும். தெளிவா, பாஸ் தின்கிற ஷாட் என்ற சின்ன மீன் மாதிரி வெள்ளிநிறம். இந்த மாதத்தில் நண்டுச் சிவப்பு. பெட்டியில் நாற்பது நிறம் அடுக்கி வைப்பது மீனைப் பிடிக்க இல்லை, நம்மைப் பிடிக்க.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். புத்தம்புதிய 24 டாலர், கொஞ்ச நேரத்திலேயே ஒரு அடிமரத்தில் மாட்டிக்கொண்டது. ராடை, அதாவது தூண்டில் கோலை, வெட்டி வெட்டி இழுக்கவே கூடாது, முள் இன்னும் ஆழமாக இறங்கும். தூண்டில் நரம்பைத் தளர்த்தினேன், லூர் எழும்பவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் சின்னப் படகை, கயாக்கை, நேர் மேலே கொண்டுபோனேன், காற்று தள்ளிவிட்டது. மறுபடி போனேன், மறுபடி தள்ளியது. கடைசியில் கட்டையையே காலால் அணைத்துக்கொண்டு, மாட்டிய லூரைத் தட்டி விடுவிக்கிற ப்ளக் நாக்கரை நரம்பில் கொக்கி போட்டு இறக்கினேன். ஈயக்குண்டுதான், வேறொன்றும் இல்லை. வழுக்கிப் போய் லூரின் மூக்கில் உட்காரும், ராடு நுனியை ஆட்டினால் டொக் டொக்கென்று தட்டும். தட்டினேன், தட்டினேன், கிளுக்கென்று விட்டது பாருங்கள்! மேலே வந்தால் இரண்டு லூர்! எவரோ விட்டுப்போன பழைய பிளாஸ்டிக் ஒன்றும் அறுந்த நரம்போடு கோத்துக்கொண்டு வந்திருக்கிறது. முள் துருப்பிடித்திருக்கிறது, பில் அப்படியே இருக்கிறது. வேறு ட்ரெபிள் மாட்டினால் ஓடும். ஆக மொத்தம் ஒன்று 12 டாலர். என் கணக்கு சரிதானே?

அடடா, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்ந்து விழுந்த மரம் இருந்தால், வேர்ப்பக்கம் வீசி நுனிப்பக்கமாக இழுங்கள். கிளைகள் நுனியை நோக்கித்தான் சாய்ந்திருக்கும், லூர் அதன்மேல் வழுக்கி வரும். நுனியிலிருந்து வேரை நோக்கி இழுத்தால் ஒவ்வொரு கவட்டையிலும் போய்ச் செருகிக்கொள்ளும்.

மீன் கேட்பீர்களே. அந்தச் சாய்ந்த மரத்தில்தான், இரண்டாவது கிளையில் தட்டி நிறுத்தி மறுபடி சுற்றத் தொடங்கியதும் அடித்தது. 19 அங்குலம். இந்த ஏரியில் 16க்கு மேல் 24க்குள் இருப்பதை வைத்துக்கொள்ளக் கூடாது, அளந்து படம் எடுத்து விட்டுவிட்டேன். 1992இல் டெக்சஸ் மாநிலச் சாதனை மீன் இங்கேதான் கிடைத்தது, 18.18 பவுண்டு. பிடித்தவர் கிராப்பி மீனுக்கு உயிருள்ள சின்ன மீனைக் கோத்து இறக்கியிருந்தாராம். அந்தச் சின்ன மீன் என்ன விலை வந்திருக்கும் என்று நான் யோசிக்கவே விரும்பவில்லை.

நரம்பு சொல்லவில்லையே! 17 பவுண்டு இழுவை தாங்குகிற ஃப்ளோரோகார்பன் நரம்பு. மெல்லியது போட்டால் லூர் இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் கட்டையில் உரசி அறும். நாலு இடி இடித்ததும் கடைசி இரண்டடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள், சோம்பல் படாதீர்கள். அடுத்த வீடியோவில் அந்தப் பழைய பிளாஸ்டிக்குக்கு முள் மாட்டி வீசிக் காட்டுகிறேன். பார்க்கலாம்.