காந்தாரம் கேட்டதா?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "இசையில பி.ஏ.ன்னா மூணு வருஷமும் பாடிக்கிட்டே இருப்பாங்களாம்மா?" வாயில் பாயசம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன்.

பாடுவது உண்டு. வர்ணம், கீர்த்தனை, ராக ஆலாபனை, கல்பனாஸ்வரம் எல்லாம் செய்முறைத் தேர்வில் வரும். ஆனால் அதையெல்லாம் தெருக்கோடிப் பாட்டு டீச்சரிடமே கற்றுக்கொள்ளலாமே. கல்லூரியில் முதலில் படிய வேண்டியது காது. ஆமாம், தொண்டை இல்லை, காது.

பாட்டுக்குச் சுருதி தரும் தம்புராவை விட்டால் எனக்கு வேறு பேச்சில்லை என்று மாணவிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு வருஷம் முதலாண்டில் ஒரு பெண் சேர்ந்தாள். நல்ல குரல். சின்ன வயதிலிருந்து சுருதிப் பெட்டியோடுதான் பாட்டு. அப்புறம் செல்போன் செயலி. அவள் கையில் தம்புராவைக் கொடுத்து, சுருதி சேர்க்கச் சொன்னேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலே கம்பிதான். கடைசியான மந்தரத்தில் கீழ் ஸட்ஜம், அதாவது 'ஸ'. கம்பியை முறுக்கும் ஆணியான பிருடையைத் திருகினாள், ஒரு கம்பி அறுந்தது. மறுநாள் இன்னொன்று. பிருடையில் முக்கால்வாசி சேர்த்துவிட்டு, மீதியைக் கீழே உள்ள மணியை நகர்த்திச் சேர்க்க வேண்டும் என்பது பழகினால்தான் வரும். கடைசியில் கம்பியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். அது சரியான இடத்தில் உட்கார்ந்ததும் கம்பி ரீங்காரமிடும். அதற்கு ஜீவன் என்றே பெயர்.

"மந்தரத்தை மட்டும் மீட்டு. ஸட்ஜம் தவிர வேறென்ன கேட்கிறது?" என்றேன்.

"ஒண்ணும் கேட்கல மேடம்."

இரண்டு வாரம் இதே கேள்வி, இதே பதில். ஒரு மழை நாள் மத்தியானம், மின்விசிறிகூட ஓடவில்லை, திடீரென்று நிமிர்ந்தாள். "மேடம், உள்ளேர்ந்து யாரோ காந்தாரம் பாடுறாங்க!"

அந்தர காந்தாரம். ஏழு சுரத்தில் மூன்றாவதான 'க'வில் உயர்ந்த வகை. அந்தச் சுரத்துக்கென்று தம்புராவில் கம்பியே கிடையாது. முழுதாக அதிரும் கம்பி அதே நேரத்தில் ஐந்து பங்காகவும் அதிர்வதால் தானாகப் பிறக்கிறது. சுயம்பு ஸ்வரம் என்பார்கள். ஒலியியல் தாளுக்கு இதை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். அவள் காதால் படித்தாள்.

பாட்டைச் சுரக்குறிப்பாக எழுதுவதிலும் காதுதான். தோடி ராகத்தின் காந்தாரத்தைத் தாளில் 'க' என்று எழுதிவிடலாம். பாடும்போது அது பக்கத்துச் சுரங்களான ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுகிறது. எழுதியதற்கும் பாடியதற்கும் உள்ள அந்த இடைவெளியைப் பிடிப்பதற்கே ஒரு பருவம் போய்விடும்.

வரலாற்றுத் தாளும் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற இசை நூல், 1917-இல் வந்த ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேண்டும்.

சேர்க்கை, வேலை பற்றியும் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறதென்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. சேரப் போகிற கல்லூரியில் தம்புரா எத்தனை இருக்கிறது, அவற்றில் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். வணக்கம்.